குறைந்த எடை திரும்பி வராதிருக்க



எந்த மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலும் கேட்கக்கூடிய ஓர் உரையாடலோடு ஆரம்பிக்கிறோம்.

"அம்மா, போன தடவை வந்தபோது நான்கு கிலோ குறைந்திருந்தீர்களே. இப்போது ஐந்து கிலோ கூடியிருக்கிறதே, என்ன ஆயிற்று?"

"லெந்து நாட்களில் காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டேன் டாக்டர். எடை நன்றாகக் குறைந்தது. ஈஸ்டர் முடிந்ததும் பழையபடி சாப்பிட்டேன், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மனக்கட்டுப்பாடு போதாது டாக்டர்."

இப்படிச் சொல்லும் தாய்மார்கள் அநேகர். அவர்களில் ஒருவரை நினைத்துக் கொள்வோம். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. அவருடைய தாயாருக்கு இதே வியாதியால் கால் விரல்கள் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே எடை என்பது அவருக்கு அழகைப் பற்றிய காரியமல்ல. தாயார் போன வழியில் தானும் போகவேண்டுமோ என்ற பயமே அவரை மருத்துவரிடம் கொண்டுவந்தது.

அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது சரியா? இல்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் பதில். உபவாசத்துக்கு அதற்குரிய நோக்கம் உண்டு. ஆனால் நாற்பது நாட்கள் மட்டும் கடைப்பிடிக்கும் ஒரு முறை, நாற்பது வருடத்துக்கு உதவும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏன் என்பதை இங்கே பார்ப்போம்.

பட்டினியைச் சரீரம் மறப்பதில்லை

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனை நடத்தினார். போரினால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எவ்விதம் மீண்டும் உணவூட்டுவது என்று அறிவதே அதன் நோக்கம். 36 வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் இவர்கள். குவேக்கர், மெனோனைட் போன்ற சமாதான சபைகளைச் சேர்ந்தவர்களும் இவர்களில் இருந்தார்கள்.

இருபத்து நான்கு வாரங்கள் அவர்களுக்குத் தினமும் சுமார் 1,570 கலோரி உணவு மட்டுமே கொடுக்கப்பட்டது. இன்று பலரும் கையில் வைத்திருக்கும் "டயட் சார்ட்" பலவற்றில் இதைவிடக் குறைவாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அவர்களது எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அதோடு அவர்களுடைய மனமும் மாறியது. எப்போதும் உணவைப் பற்றியே பேச்சு, உணவைப் பற்றியே கனவு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். குளிர் தாங்கவில்லை, எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. கட்டுப்பாடு நீங்கியபின், வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் பலர் சாப்பிட்டார்கள். எடை திரும்பியது. திரும்பி வந்ததில் கொழுப்பின் பங்கு முன்னிருந்ததைவிட அதிகமாயிருந்தது.

திடமனதுள்ள வாலிபர்களுக்கே இப்படியானால், அடுப்படியில் நாள் முழுதும் பிறருக்காகச் சமைத்துக்கொண்டு தான் மட்டும் பட்டினி கிடக்கும் ஒரு தாயாரை நாம் எப்படிக் குறைகூற முடியும்?

2011-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று இதற்குக் காரணம் காட்டியது. அதிக எடையுள்ள 50 பேர் பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவில் இருந்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோதும், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அவர்களில் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. சரீரம் இழந்ததை மீட்டுக்கொள்ள மாதக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கிறது.

முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்கிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் இறங்குவது பெரும்பாலும் இந்தத் தண்ணீரே. கொழுப்பு கரைவது மெதுவாகத்தான்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு சீக்கிரம் குறையும்?" என்பதல்ல. "இந்த மாற்றத்தை என் வீட்டில் எத்தனை வருடம் தொடர முடியும்?" என்பதே.

எவ்வளவு குறைந்தால் போதும்?

கிலோ கணக்கிலுள்ள எடையை, மீட்டர் கணக்கிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. நம் தேசத்து மக்களுக்கு இது 23-க்கு மேல் போனால் அதிக எடை என்றும், 25-க்கு மேல் போனால் பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருக்க வேண்டும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே அதிக ஆபத்தானது. நாம் சொன்ன தாயாரின் குறியீடு 28-க்குச் சற்று மேல்.

இதைக் கேட்டதும், 55 கிலோவுக்கு இறங்க வேண்டும் போலிருக்கிறது என்று அவர் மலைத்துப் போகலாம். ஆனால் நல்ல செய்தி ஒன்று உண்டு. சர்க்கரை வியாதியின் எல்லையில் நின்ற 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதுமே அவர்களில் ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. அந்தப் பிரிவில் சர்க்கரை வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுக்கப்பட்ட பிரிவில் குறைந்தது 31 சதவீதமே.

68 கிலோவில் ஏழு சதவீதம் என்பது ஐந்து கிலோகூட இல்லை!

நம் சென்னையிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்து 2006-ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. 531 பேர் மூன்று வருடங்கள் கவனிக்கப்பட்டார்கள். உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களுக்கு வியாதி வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அப்படியிருந்தும் பலன் கிடைத்தது. எடை காட்டும் இயந்திரத்தின் முள் அசையவில்லை என்று மனம் சோர்ந்து, நல்ல பழக்கத்தைக் கைவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் முந்திய நிலையில் இருப்பதாகவும் கணக்கிட்டது. ஐந்து கிலோவின் மதிப்பு இங்கேதான் விளங்கும்.

கூடுதல் எடை எங்கிருந்து வருகிறது?

நம் பாட்டிமார் சோறு சாப்பிடாதவர்களா? நன்றாகவே சாப்பிட்டார்கள். ஆனால் ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள், அம்மியில் அரைத்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், சந்தைக்கு நடந்து போனார்கள். இன்று கிரைண்டரும் மிக்ஸியும் மோட்டாரும் ஸ்கூட்டரும் வந்துவிட்டன. வேலை குறைந்தது, தட்டிலுள்ள சோற்றின் அளவு குறையவில்லை. அதோடு முன்பு இல்லாதவை பலவும் வந்து சேர்ந்தன. நான்கை மட்டும் குறிப்பிடுவோம்.

எண்ணெய்: மாவுச்சத்திலும் புரதச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பிலோ 9 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, அதாவது ஏறக்குறைய 270 கலோரி. கடலெண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் கலோரிக் கணக்கு ஒன்றுதான்.

சர்க்கரை: ஒரு தேக்கரண்டியில் 20 கலோரி. இரண்டு கரண்டி போட்ட டீ நாளைக்கு நான்கு தடவை என்றால் 160 கலோரி. வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை நல்லவை என்று தாராளமாகச் சேர்ப்போரும் உண்டு. எடையைப் பொறுத்தவரை இவையும் சர்க்கரையின் உறவினர்களே.

பாக்கெட் தின்பண்டங்கள்: 2019-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் தயாரான உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சம அளவில் பரிமாறப்பட்டன. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று சொல்லப்பட்டது. ஆலை உணவு கொடுத்தபோது அவர்கள் தங்களை அறியாமலே நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் பாக்கெட்டுகளை வீட்டில் அடுக்கி வைத்துவிட்டு மனக்கட்டுப்பாட்டை நம்பியிருப்பது ஏன் கடினம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

மிச்சம் மீதி: இதை எந்த அட்டவணையிலும் எழுதமாட்டார்கள். பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டுப் போன அரை தோசை, பானையின் அடியில் நின்ற ஒரு கை சோறு, "வீணாகக் கூடாதே" என்று கடைசியில் சாப்பிடும் தாயாரின் வயிற்றுக்கே போய்ச் சேருகின்றன. உணவை வீணாக்கக் கூடாது என்பது நல்ல வழக்கம். ஆனால் அதற்கு வழி அளந்து சமைப்பதே, தாயாரின் சரீரத்தைச் சேமிப்புக் கிடங்காக்குவது அல்ல.

தட்டை நான்காகப் பிரியுங்கள்

இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நம் தட்டைப் பார்த்தாலே தெரியும். நடுவில் மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இதை மாற்றி அமைப்பதே காரியம்.

தட்டில் பாதி இடம் காய்கறி, கீரை, கூட்டு, பொரியலுக்கு. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி போன்ற புரதச்சத்துக்கு. மீதிக் கால் பங்கு சோற்றுக்கு அல்லது சப்பாத்திக்கு. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய்கறிப் பக்கத்தில் அல்ல, சோற்றுப் பக்கத்தில் சேரும்.

புரதச்சத்து ஏன்? அது பசியை நெடுநேரம் அடக்குகிறது, எடை குறையும்போது தசை கரையாமல் காக்கவும் உதவுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், நூறு கிராம் மத்தி மீனில் சுமார் 20 கிராம் உண்டு. விலை உயர்ந்த பொடிகள் அவசியமில்லை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, வேர்க்கடலை ஏழைவீட்டிலும் உள்ளவைதான்.

கேழ்வரகு, கம்பு, சாமை, தினை ஆகியவற்றில், தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து அதிகம். ஆனால் சிறுதானியம் என்பதால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம். மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் சீக்கிரமே இரத்தத்தில் சர்க்கரையாகும். பழத்தையும் சாறாக்காமல் பழமாகவே சாப்பிடுவது நல்லது.

இந்த வாரமே ஆரம்பிக்கக்கூடியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயல வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. மாதத்துக்கு வாங்கும் எண்ணெயைக் குறையுங்கள். ஆளுக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டு வாங்கி, அதற்குள் சமையுங்கள். தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

2. டீ, காப்பியில் சர்க்கரையை அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

3. சாப்பாட்டைப் பொரியலிலும் கூட்டிலும் ஆரம்பித்து, அதன்பின் சோற்றுக்கு வாருங்கள். சோற்றை ஒரு தடவை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பானையைச் சாப்பிடும் இடத்தில் வைக்காமல் அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள்.

4. மாலைநேரப் பசிக்குச் சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா, மோர் ஆகியவற்றை முன்னதாகவே தயாராக வையுங்கள். பசி வந்தபின் யோசித்தால் கை பஜ்ஜிக்கும் மிக்சருக்கும்தான் போகும்.

5. வாரம் ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தினமும் ஏறி இறங்கும் அரைக் கிலோ பெரும்பாலும் தண்ணீரே. மாதத்துக்கு ஒருமுறை இடுப்பையும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரி. மதியம் 150 கிராம் சோறு குறைந்தால் சுமார் 200 கலோரி. எண்ணெயில் 100-க்கு மேல், சர்க்கரையில் 60. கூடுதலாகச் சேர்த்த காய்கறி, பருப்பைக் கழித்தாலும் நாளைக்கு 250 கலோரி மிஞ்சும். இது ஆரம்பத்தில் மாதத்துக்கு ஒரு கிலோ என்ற அளவில் குறையக் காரணமாகும். போகப் போக வேகம் குறையும், அது இயல்பே. ஆறேழு மாதத்தில் நம் தாயார் தம் ஐந்து கிலோவை அடையலாம். ஒருநாளும் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

நடையும் தூக்கமும்

அரைமணி நேரம் வேகமாக நடந்தால் செலவாகும் கலோரியை ஒரு மெதுவடையும் ஒரு டம்ளர் இனிப்புக் காப்பியும் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே நடையை மட்டும் நம்பி எடை குறைப்பது கடினம். ஆனால் குறைந்த எடையைக் காத்துக்கொள்ளவும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தவும் நடைக்கு இணை இல்லை. வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு 30 நிமிடம் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடக்கலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவதும் தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. இரவில் தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி அதிகரிக்கும் என்பதையும் மறவாதிருங்கள்.

ஜாக்கிரதையாயிருக்க வேண்டியவர்கள்

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தாங்களாகவே குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். முதலில் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். சிறுநீரக வியாதி உள்ளவர்கள் புரதச்சத்தின் அளவைக் கேட்டறிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது எடை குறைக்கும் காலமல்ல.

எந்த முயற்சியுமின்றி எடை குறைந்தால் அதற்காக மகிழ வேண்டாம். காசநோய், தைராய்டு, புற்றுநோய், கட்டுக்கடங்காத சர்க்கரை இவற்றில் ஏதேனும் காரணமாயிருக்கலாம். தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகளைப் பற்றி இன்று பலரும் கேட்கிறார்கள். செமாகுளூட்டைடு என்ற மருந்தால் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்ததை 2021-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தேவையுள்ளவர்களுக்கு இது பெரிய உதவியே. ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை 2022-இல் வெளியான அதன் தொடர்ச்சி காட்டியது. நிறுத்தினால் திரும்பி வரும் என்ற விதி பட்டினிக்கு மட்டுமல்ல, மருந்துக்கும் பொருந்துகிறது.

ஒருவர் மட்டும் அல்ல, வீடு முழுவதும்

முதலில் சொன்ன தாயார் தோற்றதற்கு முக்கிய காரணம், வீட்டில் எல்லாரும் பூரி சாப்பிடும்போது அவர் மட்டும் தனியே பட்டினி இருந்ததே. ஒருவருக்குத் தனிச் சமையல் என்பது நெடுநாள் நடக்காது. எல்லாருக்கும் பொதுவான சட்டியில் எண்ணெய் குறைந்து காய்கறி கூடினால், அது யாருக்கும் தண்டனையாகத் தோன்றாது. கணவருடைய இரத்த அழுத்தத்துக்கும் அது நல்லது. தாயாரின் வழியாக இந்த வியாதிக்கு ஏதுவான தன்மை பிள்ளைகளுக்கும் வந்திருக்கலாம் அல்லவா?

சபையாகக் கூடும்போதும் இதை நினைக்கலாம். அசன விருந்து வருடத்துக்கு ஒருமுறை. அதைச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், ஒரு நாள் விருந்தால் யாரும் பருமனாவதில்லை. ஆனால் வாரந்தோறும் நடக்கும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலும், ஞாயிறு ஆராதனைக்குப் பின்னும் கொடுக்கப்படும் இனிப்பு டீ, பன், மிக்சர் பொட்டலங்களுக்குப் பதிலாகச் சுண்டலும் வாழைப்பழமும் கொடுத்தால் என்ன? வேண்டாம் என்று சொல்ல முடியாமல் சங்கடப்படும் சர்க்கரை வியாதியஸ்தர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கிறார். அவரை வற்புறுத்தாதிருப்பதும் ஓர் அன்பின் செயலே.

அடுத்த தடவை அந்தத் தாயார் வரும்போது ஒரு கிலோதான் குறைந்திருக்கலாம். "இவ்வளவுதானா டாக்டர்?" என்று அவர் கேட்கக்கூடும். "ஆமாம் அம்மா. ஆனால் பட்டினி கிடக்காமல் குறைந்த கிலோ இது. இதே சாப்பாட்டைத் தொடருங்கள்" என்று மருத்துவர் சொல்லலாம்.

இந்த மாதம் மளிகைக்கடைச் சீட்டு எழுதும்போது, எண்ணெய்க்கு நேரே வழக்கமாக எழுதும் எண்ணை ஒன்று குறைத்து எழுதுங்கள். அங்கேயே ஆரம்பிக்கலாம்.